ரிவர்ஸ்டன் ஏறிய முழங்கால்

"இன்னைக்கு வர்ற ரெண்டாவது கூட்டத்த நான் சுத்திக்காட்டுறேன் சேர்," என்றாள் ஜெனிஸ்டா.

முதலாளி மேர்வின் சேரின் வாயில் பிளேன்டீ இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த டொக்டர் கணபதியின் விரல் பாதிப் பொத்தானில் நின்றுவிட்டது. கடைக்குள் எண்ணெய்ப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்த றுக்ஸானா, துடைத்த போத்தலையே மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

அங்கே வாயைத் திறந்து கேட்கவே கூடாதது அது. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ரோட்டோரத்தில் இருக்கிற இந்த ஸ்பைஸ் கார்டனில் ஜெனிஸ்டா வேலைக்குச் சேர்ந்த அன்றே, றுக்ஸானா அவளை ஒரு பக்கமாக இழுத்துப்போய்ச் சொல்லியிருந்தாள். "லீவு கேளு. பேசிட்டு இருக்கக்குள்ளே உக்கார ஒரு கதிர கேளு. சேர்ட வேனக் கேட்டாலும் பரவால்ல. சுத்திக்காட்டுற வேலைய மட்டும் கேட்டுடாத புள்ள. கேட்ட ரெண்டு பேரும் இப்ப இங்க இல்ல."

சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏலம், மிளகு, கறுவா, சாதிக்காய் என்று மரம் மரமாக நடப்பது ஆம்பளை வேலை. இஞ்சித் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவதும், கடைசியில் கடைக்குள் நின்று சிரிப்பதும் பொம்பளை வேலை. சட்டம் எங்கேயும் இல்லை. சட்டம் இல்லாததால் அதை மாற்றவும் வழி இல்லை.

ஜெனிஸ்டா எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் பிறந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போன முதல் ஆள். பட்டம் வாங்கிவிட்டு, அரசாங்கம் கூப்பிடும் கூப்பிடும் என்று காத்திருந்து அலுத்துப்போய், இப்போது தேநீர்த் தட்டுத் தூக்குகிறாள். அவளுக்குக் கோபம் வர இதுவே போதும். ஆனால் இன்றைக்குக் காரணம் வேறு. நேற்று டொக்டர் கணபதி ஒரு கிழட்டு வெள்ளைக்காரரிடம், கறுவாத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த மனுசன் மாத்திரை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்தாரே, அந்தப் பார்வை ஜெனிஸ்டாவை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

மேர்வின் சேர் ஒருவழியாக விழுங்கினார். "என்ன சொன்னே?"

"கேட்டுச்சே சேர் ஒங்களுக்கு."

"தங்கச்சி," என்றார் கணபதி, மெதுவாக. "இது டொக்டர் வேல."

"நீங்க எங்க படிச்ச டொக்டர் அண்ணே?"

"அனுபவம்." அவர் கூசாமல் சொன்னார். இங்கே வருமுன் அவர் ரத்தொட்டை பஸ்ஸில் கொண்டக்டர். "நான் ஒரு பொய் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"நேத்து மாத்திரைய நிப்பாட்டச் சொன்னீங்க."

"ஆமா. கறுவா அப்பிடி. அதுக்கு நான் என்ன செய்ய?"

இதுதான் ஜெனிஸ்டாவுக்குத் தாங்கவில்லை. அந்த மனுசன் முகத்தில் கள்ளமே இல்லை. சாமி சத்தியமாக நம்பித்தான் சொல்கிறார்.

"ஒரு மாசம் குடுங்க சேர்," என்றாள். "ஒரு பொய்கூடச் சொல்லாம நான் நடத்திக் காட்டுறேன். ஆக்கள் சந்தோசமாப் போனா, அந்த வேல எனக்கு நிரந்தரம். கேட்டுல தொங்குற பலகையும் கழண்டு கீழ வரணும்."

கேட்டில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை தொங்கியது. முடி கொட்டுவது, கண் மங்குவது, பிள்ளை இல்லாதது, தூக்கம் வராதது, புருசன் பொஞ்சாதி சண்டை என்று உலகத்தில் இருக்கிற எல்லாமும் இங்கே குணமாகும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"தோத்தா?" என்றார் மேர்வின் சேர்.

"தோத்தா மறுபடி தட்டத் தூக்குறேன். வாயத் திறக்க மாட்டேன்."

ஜெனிஸ்டா வாயைத் திறக்காமல் இருப்பது மேர்வின் சேருக்குப் பெரிய ஆசை. அதுவுமில்லாமல் சீசன் நேரம், கணபதி ஒருவரால் எல்லா வேனையும் சமாளிக்க முடியவில்லை. "சரி. ஒரு மாசம்," என்றார். ஆணியில் தொங்கிய இன்னொரு வெள்ளைக் கோட்டை எடுத்து நீட்டினார். அது யாருக்கோ பெரிய உடம்புக்காரருக்குத் தைத்தது. ஜெனிஸ்டா போட்டுக்கொண்டபோது அவள் கை காணாமல் போனது.

பகல் சாப்பாட்டு நேரம் றுக்ஸானாவுக்கு அவள் வகுப்பெடுத்தாள். சோற்றுப் பார்சலைப் பிரித்தபடியே, பேராதனையில் படித்த உளவியலை எல்லாம் எடுத்துவிட்டாள்.

"ஒரு கூட்டுல புறா ஒண்ணு இருக்குன்னு வையி. அது சும்மா கழுத்தத் திருப்பறப்ப நீ ஒரு தானியத்தப் போடுற. இன்னொருவாட்டி திருப்பறப்ப இன்னொண்ணு. கொஞ்ச நேரத்துல அது கழுத்தத் திருப்பிக்கிட்டே இருக்கும். ஏன் திருப்புதுன்னு அதுக்கே தெரியாது."

"அது புறா. மடையன் சாதி."

"மனுசனும் அதேதான். ஒருத்தன் பேசிக்கிட்டிருக்கிறப்ப, ஏதாச்சும் ஒரு வார்த்தை வர்றப்ப மட்டும் நீ 'ம்ம்'னு தலையாட்டிப் பாரு. கொஞ்ச நேரத்துல அந்த வார்த்தையாத்தான் வரும் அவன் வாயில. கேட்டா, எனக்குத் தோணினதத்தான் பேசினேம்பான். கணபதி அண்ணன் மொதமொத வந்தப்ப, இஞ்சி வாய்வுக்கு நல்லதுன்னு மட்டும்தான் சொல்லியிருப்பாரு. யாரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. என்னைக்கோ ஒருநாள் வாய் தவறி, இதயத்துக்கும் நல்லதுன்னிருப்பாரு. ஒருத்தி 'வாவ்'னிருப்பா. அம்புட்டுத்தான். அந்த வாவ்தான் தானியம்."

"அப்ப அவரு பொய் சொல்லல்லயா?"

"அவரு புறா."

றுக்ஸானா வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறிப்போனாள். கடைக்கு வெளியே கணபதி, கற்றாழையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழுக்கைத் தலையருக்கு நம்பிக்கை ஊட்டிக்கொண்டிருந்தார். "வாவ்" என்று சத்தம் வந்தது. றுக்ஸானா தொண்டைக்குள்ளே "குர்ர்... குர்ர்..." என்றாள். இரண்டு பேரும் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தார்கள்.

"அப்ப நீ சுத்திக்காட்டக்குள்ளே?" என்று கேட்டாள் றுக்ஸானா.

"எனக்குத்தான் விசயம் தெரியுமே," என்றாள் ஜெனிஸ்டா.

ஜெனிஸ்டாவின் முதல் கூட்டம் செத்த வீடு மாதிரி இருந்தது. "இது கறுவா. நல்லா மணக்கும். கறிக்குப் போடலாம். நோய்க்கு எவ்வளவு உதவும் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாது," என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். "இது சாதிக்காய். இதுவும் கறிக்குப் போடலாம்." ஒருத்தன் போனை எடுத்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தி எடுத்தாள். ஏலச் செடிக்குப் போகுமுன் பாதிக் கூட்டம் கணபதியின் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அங்கே ஒரே வாவ்.

எண்ணெய்ப் போத்தல் வைத்திருக்கிற கொட்டிலுக்கு வந்தபோது ஜெனிஸ்டாவோடு மிஞ்சியவர்கள் கொஞ்சப் பேர். அதில் பருத்த ஓர் அம்மா, "இது முழங்காலுக்கு நல்லதா?" என்று சும்மா கேட்டுவைத்தாள்.

"எங்க அப்பாவுக்கும் முழங்கால் வலிதான்," என்றாள் ஜெனிஸ்டா. அது உண்மை. தேயிலை கவ்வாத்து வெட்டப்போய்த் தண்ணீர்க் கானுக்குள் விழுந்த நாளிலிருந்து அவள் அப்பா கிறிஸ்தோபருக்கு இடது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்து "ஓ!" என்றாள். போன் பார்த்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். கொட்டிலின் ஓரத்தில் நின்றவர் கிட்டே வந்தார். எல்லா முகமும் தன் பக்கம் திரும்ப, ஜெனிஸ்டாவுக்குப் பிடரியில் ஏதோ ஒன்று தேன் வழிகிற மாதிரி மெல்ல இறங்கியது.

"அவர் இந்த எண்ணெயைப் பூசுவாரா?"

"பூசியிருக்கார்." உண்மைதான். ஒரு தடவை அடிப்போத்தலில் மிஞ்சியதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மணந்து பார்த்துவிட்டு, கறிக்குத் தாளிக்கலாம் போல இருக்கே என்றார்.

"சுகமாக இருந்ததா?"

"தேய்த்தால் சுகம்தானே." அதுவும் உண்மைதான். எதைத் தேய்த்தாலும் சுகம்தான்.

அந்தக் கூட்டத்தில் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனது அந்த ஓர் அம்மா மட்டும்தான். போகும்போது ஜெனிஸ்டாவின் கையைப் பிடித்து, "உன் அப்பாவுக்காக வேண்டிக்கொள்கிறேன்," என்றாள்.

அடுத்த கூட்டத்தில் அப்பா கொட்டில் வரைக்கும் காத்திருக்கவில்லை. ஏலச் செடியிலேயே வந்துவிட்டார். அதற்கடுத்த கூட்டத்தில் கறுவா மரத்திலேயே. ஜெனிஸ்டா எதையும் யோசித்துச் செய்யவில்லை. கறுவா பற்றிச் சொல்லும்போது முகங்கள் வாடின, அப்பா பற்றிச் சொல்லும்போது மலர்ந்தன, அவ்வளவுதான். "அப்பா எழும்பி நடக்கிறார்" என்றாள். நடக்கிறார்தானே, தடி ஊன்றி. "மலை ஏறுகிறார்" என்றாள். லயத்திலிருந்து கக்கூஸுக்கே மேட்டில் ஏறித்தான் போகவேண்டும். "தினமும் ஏறுகிறார்" என்றாள். தினமும் போகாமல் முடியுமா?

ஒவ்வொன்றையும் அவள் மனதுக்குள் நிறுத்துப் பார்த்தாள். ஒன்றிலும் பொய் இல்லை. சீசன் வேலையில் அந்த மாதம் முழுக்க அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. மாத்தளையில் போர்டிங் அறை, காலையில் பஸ், பொழுதுபடப் பஸ். அதனால் வாயில் இருந்த அப்பாவைச் சரிபார்க்க வீட்டில் இருந்த அப்பா கண்ணில் படவில்லை. அவர் பாட்டுக்குச் சுகமாகிக்கொண்டே போனார்.

பிறகு ஒருநாள் ஒரு பிரெஞ்சுக்காரப் பையன் கேட்டான், "எந்த மலை?"

ஜெனிஸ்டா கையை வீசி, "அந்தப் பக்கம்," என்றாள். கை போன திசையில், தூரத்தில், மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு மலைத்தொடர் நின்றது.

"ரிவர்ஸ்டனா! நாங்கள் நேற்றுத்தான் போனோம். மூச்சே நின்றுவிட்டது!"

அவள் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பிய வாவ் இருக்கிறதே, கணபதியே தன் கூட்டத்தை விட்டு எட்டிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து கிறிஸ்தோபர் ரிவர்ஸ்டன் ஏறினார். முதலில் மத்தியானம் ஏறினார். அப்புறம் விடியக்காலையில், பனியில். அப்புறம் தடி இல்லாமல். "மை ஃபாதர், கிறிஸ்தோபர்..." என்று தொடங்கும்போதே ஜெனிஸ்டாவின் வலது கை தானாக நெஞ்சுக்குப் போனது, குரல் தானாகத் தணிந்தது. எப்போதும் சாதிக்காய் மரத்தடியில், இலை வழியாக வெயில் முகத்தில் விழுகிற அதே இடத்தில்தான் போய் நின்றாள். ஏன் அங்கே நிற்கிறாள் என்று கேட்டிருந்தால், நிழல் என்றிருப்பாள்.

கணபதியின் கூட்டத்திலிருந்து ஆட்கள் நழுவி அவள் பின்னால் வரத் தொடங்கினார்கள். மேர்வின் சேர் கோட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். கை வெளியே தெரிந்தது.

"பாத்தீங்களா சேர்? ஒரு பொய் இல்ல," என்றாள் ஜெனிஸ்டா.

"இல்ல இல்ல," என்றார் மேர்வின் சேர், பூனைக்குட்டியைத் தடவுவது போன்ற குரலில்.

றுக்ஸானா மட்டும் சாயங்காலங்களில் ஒரு மாதிரியாகக் கேட்பாள். "இன்னைக்கு அப்பா எதுவரைக்கும் ஏறினாரு புள்ள?"

"எந்த அப்பா?"

"ஒனக்கு எத்தன அப்பா?"

"வலி அப்பிடியேதான் இருக்காம். ரெண்டு நாளைக்கு முந்தி போன்ல பேசினேன். கிளினிக் போகணுமாம்." சொல்லிவிட்டு ஜெனிஸ்டா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். றுக்ஸானா கொஞ்ச நேரம் அவளையே பார்ப்பாள். பிறகு, "குர்ர்... குர்ர்..." என்பாள். ஜெனிஸ்டா கணபதியைத் திரும்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மாதம் முடிகிற அன்று பெரிய பஸ் ஒன்று வந்தது. மேர்வின் சேர் காலையிலேயே, "இந்தக் கூட்டம் முடியட்டும், பலகையப் பத்திப் பேசலாம்," என்றிருந்தார். கணபதிகூட வந்து, "தங்கச்சி, நீ நல்லாத்தான் செய்யுற. எங்கண்ணே பட்டுடும் போல," என்றார். ஜெனிஸ்டாவுக்கு அவர் மேல் லேசாக இரக்கம் வந்தது.

அவள் கறுவா மரத்தைத் தாண்டும்போது, கேட்டைத் தாண்டித் தடி ஊன்றிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கொடுத்த மருந்துப் பை. சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டி, கோயிலுக்குப் போகிற மாதிரி தலை வாரியிருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்துப் போட்ட வீடியோ எல்கடுவ லயத்துப் போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் மகள் நெஞ்சில் கை வைத்துத் தன் பேரைச் சொல்வதைக் கிறிஸ்தோபர் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார். ஆங்கிலம் விளங்கவில்லை. கைதட்டு விளங்கியது. கிளினிக் முடிந்ததும் எல்கடுவப் பஸ்ஸுக்குப் போகாமல் தம்புள்ளைப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சாதிக்காய் மரத்துக்குப் பின்னால் இருந்த வாங்கில் அவர் மெல்ல உட்கார்ந்தார். றுக்ஸானா தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"யாரப் பாக்க வந்தீங்க ஐயா?"

"மகளப் பாக்கத்தாம்மா. ஜெனிஸ்டா."

றுக்ஸானா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "யா அல்லா," என்றாள். அவர் தடியைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். தூரத்தில் ஜெனிஸ்டா, கூட்டத்தை இழுத்துக்கொண்டு நேராகச் சாதிக்காய் மரத்தடிக்கு வந்துகொண்டிருந்தாள். றுக்ஸானாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கடை வாசலில் நின்று பலமாக, "குர்ர்ர்! குர்ர்ர்!" என்றாள். ஜெனிஸ்டா அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் போய் நின்றாள். கை நெஞ்சுக்குப் போனது.

"மை ஃபாதர், கிறிஸ்தோபர்..."

"ஆமாங்க!"

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் எழும்பி நிற்கிற உடம்பு அது. கிறிஸ்தோபர் வாங்கிலிருந்து விறைத்து எழும்பி நின்றார். தடி வாங்கிலேயே கிடந்தது.

கூட்டம் திரும்பியது. ஜெனிஸ்டாவும் திரும்பினாள். கணபதி ஓடிவந்து விசயத்தை விளங்கிக்கொண்டு, பஸ்ஸில் இறங்குமிடம் கூவுகிற பழைய குரலில் ஆங்கிலத்தில் அறிவித்தார், "இவர்தான்! இவர்தான் அந்த அப்பா!"

"வாவ்!" என்றது கூட்டம். கைதட்டு எழும்பியது. போன்கள் எழும்பின.

கிறிஸ்தோபரின் முகத்தில், கல்யாண வீட்டுக் கதவைத் திறந்தாற்போல ஒரு வெளிச்சம் வந்தது. ஆயுசுக்கும் தோட்டத்தில் வேலை செய்தவர். அவர் பேரைக் கூப்பிட்டு வேலை ஏவியிருக்கிறார்கள், ஏசியிருக்கிறார்கள். கைதட்டியதில்லை. அவர் ஓர் எட்டு எடுத்து வைத்தார். தட்டினார்கள். இன்னொரு எட்டு. இன்னும் பலமாகத் தட்டினார்கள். இடது கால் உதறியது, அவர் அதைக் கவனிக்கவில்லை. கொடிப் பந்தலைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "வாவ்!" படியில் ஏறினார். "வாவ்!" இறங்கி மறுபடி ஏறினார். மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் சாத்தியிருந்த ஏணி அவர் கண்ணில் பட்டது.

"ஏறுங்க ஐயா!" என்றார் கணபதி, கண் கலங்க. "எண்ணெயோட மகிமையப் பாக்கட்டும்!"

"அப்பா!" என்றாள் ஜெனிஸ்டா.

"இருமா," என்றார் அவர், ஏணியைப் பிடித்துக்கொண்டே. "பாத்துக்கிட்டிருக்காங்கல்ல."

முதல் படியில் கால் வைத்தார். நெற்றியிலிருந்து வியர்வை வடிந்து கண்ணுக்குள் போனது. கடைவாய்ப் பல்லைக் கடித்திருந்தார். உதடு மட்டும் சிரித்தது. வலி அங்கேதான் இருந்தது, ஆனால் அவருக்குச் சேதி போகவில்லை. கைதட்டு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"குர்ர்," என்றாள் றுக்ஸானா, கடை வாசலிலிருந்து. இப்போது சிரிக்காமல், தாழ்ந்த குரலில், ஜெனிஸ்டாவை நேராகப் பார்த்து.

அப்போதுதான் ஜெனிஸ்டாவுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் கணபதிக்கு இல்லை. சாதிக்காய் மரத்தடியும், நெஞ்சுக்குப் போகும் கையும், தணிகிற குரலும், பனியில் தடி இல்லாமல் மலை ஏறும் அப்பாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. எந்த நாளில் தொடங்கினாள்? யோசித்துப் பார்த்தாள். அப்படி ஒரு நாளே இல்லை. பொய் சொல்வோம் என்று ஒரு தடவைகூட அவள் முடிவெடுக்கவில்லை. முகங்கள் எடுத்த முடிவு அது.

ஓடிப்போய் அப்பாவை இடுப்போடு பிடித்து இறக்கினாள். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இது பொய்," என்றாள், ஆங்கிலத்தில். "இவர் முழங்கால் சுகமாகவில்லை. இன்றைக்குக்கூட ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் வருகிறார். இவர் ரிவர்ஸ்டன் ஏறியதே இல்லை. எண்ணெய், எண்ணெய் மாதிரிதான் வேலை செய்யும். நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். இந்த மாதம் வந்த எல்லாருக்கும் சொன்னேன்."

ஏசட்டும் என்று நின்றாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். யாரோ மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். பிறகு எல்லாரும். ஏணிக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டு. "எவ்வளவு நேர்மை!" என்றாள் அந்தப் பெண். "எவ்வளவு அழகு!"

ஜெனிஸ்டாவின் பிடரியில் தேன் இறங்கியது.

அது மட்டும் இல்லை. தேனோடு சேர்ந்து ஒரு யோசனையும் இறங்கியது. 'இது பொய்' என்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லும்போது நிறுத்தலாம்.

நாளைக்கு!

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதே நேரம் சிரிப்பும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

கூட்டம் கடைக்குள் போய் எண்ணெய்ப் போத்தல்களை அள்ளியது. நேர்மையான இடத்தில் வாங்குகிற சந்தோசம் எல்லார் முகத்திலும். மேர்வின் சேர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"ஷா! ஷா! என்ன மூளடி ஒனக்கு! கடைசியில அப்பிடியே கவுத்திட்டியே. இத நாளையிலருந்து நிரந்தரமா வச்சுக்கலாம். மொதல்ல ரிவர்ஸ்டன், அப்புறம் ஐயா ஏணிக்கிட்ட வர்றாரு, அப்புறம் நீ அழுகுற. ஐயாவுக்கு நிழல்ல ஒரு கதிர போட்டுடுவோம். வேனு அனுப்பிக் கூட்டிட்டு வந்துரலாம்."

"நான் அழல்ல சேர்."

"அழுத மாதிரி இருந்துச்சு. அது போதும். வேல ஒனக்கு நிரந்தரம். பலகையும் வேணாம். இனி எதுக்குப் பலக? டேய் கணபதி, அதக் கழட்டிப் போடு!"

கணபதி கேட்டுக்குப் போய்ப் பலகையைக் கழற்றத் தொடங்கினார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. வேலை, நிரந்தரம், பலகை. மேர்வின் சேர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ஜெனிஸ்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்து பார்த்தபோது கோட்டின் பொத்தான்கள் எல்லாம் கழன்றிருந்தன. எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை. விரல்கள் அவளைக் கேட்காமலே வேலையை முடித்திருந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தன் விரல்கள் மேல் மரியாதை வந்தது.

கோட்டை மடித்து மேர்வின் சேரின் கையில் வைத்தாள்.

"கழுவணுமா?" என்றார் அவர்.

"அடுத்த ஆளுக்குச் சேர். கொஞ்சம் பெரிசாத் தச்சுக்குங்க."

"ஏய், கேட்டத எல்லாம் குடுத்துட்டேனே! இன்னும் என்ன வேணும்?"

"ஒங்ககிட்ட இருந்து இன்னும் ஏதாச்சும் கெடச்சா நான் இங்கயே இருந்துருவேன் சேர். அதான் போறேன்."

மேர்வின் சேருக்கு அது விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. வாங்கிலிருந்த தடியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். மருந்துப் பையைத் தான் எடுத்துக்கொண்டாள். கடை வாசலில் றுக்ஸானா ஒரு கையில் போத்தலும் மறுகையில் துணியுமாக நின்றாள்.

"எங்க போவ புள்ள?"

"இப்போதைக்கு பஸ் ஹோல்ட்டுக்கு."

"அதுக்கப்புறம்?"

"யாரும் கைதட்டாத எடமாப் பாத்துப் போகணும்."

"அப்ப எங்க வீட்டுக்கு வா," என்றாள் றுக்ஸானா. "நான் சமைக்கிறதுக்கு இதுவர ஒருத்தரும் தட்டினதில்ல."

கிறிஸ்தோபர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். கைதட்டு அடங்கியதும் வலிக்கு வழி கிடைத்துவிட்டது. "ஸ்ஸ்... கொன்னுபோட்டுச்சே," என்று முழங்காலைப் பிடித்தார். பிறகு மகளைப் பார்த்து, "ஏம்மா, நல்லாத்தானே தட்டினாங்க. இன்னும் ரெண்டு படி ஏறியிருப்பேன்," என்றார்.

"ஏறியிருப்பீங்க. நானும் ஏறச் சொல்லியிருப்பேன். வாங்கப்பா."

கேட்டில் கணபதி, கழற்றிய பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, இதுல இருக்கிறது எல்லாம் உண்மதானே?" என்று கேட்டார், பாவமாக. ஜெனிஸ்டா அவர் தோளைத் தொட்டாள். "நீங்க பொய் சொல்லல்ல அண்ணே. நானும் சொல்லல்ல. சர்க்கர மாத்திரைய மட்டும் யாரையும் நிப்பாட்டச் சொல்லாதீங்க. எனக்காக."

அவர் தலையாட்டினார். அவளும் தலையாட்டப் போய், நிறுத்திக்கொண்டு, பிறகு வேண்டுமென்றே நன்றாகச் சிரித்து, "ரொம்ப நல்ல மனுசன் நீங்க," என்றாள். கணபதியின் முகம் மலர்ந்தது. ஒரு தானியம். போட்டுவிட்டுப் போகலாம்.

ரோட்டில் கால் வைத்தபோது பின்னால், கார்டனுக்குள், சடசடவென்று கைதட்டு எழும்பியது. யாருக்கோ, எதற்கோ. அப்பாவின் கால் நின்றது. ஜெனிஸ்டாவின் காலும் நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாதித் தலையைத் திருப்பியிருந்தார்கள்.

கடைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "குர்ர்ர்..."

ஜெனிஸ்டா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"நமக்கில்லப்பா," என்றாள். "நடங்க."